எளாவூர் - ஒரு நாள் பயணம்

எளாவூர் என்றதும் சென்னைக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது ஒன்றே ஒன்றுதான்... செக்போஸ்ட்! செய்தித்தாளில் இந்த ஊரின் பெயர் அடிபடுவதும் பெரும்பாலும் அப்படித்தான். கஞ்சா பிடிபட்டது, கணக்கில் வராத பணம் பிடிபட்டது, ரேஷன் அரிசி பிடிபட்டது என்று ஏதாவது ஒன்று பிடிபட்டால்தான் எளாவூருக்குச் செய்தியில் இடம். ஆந்திராவுக்குப் போகிறவர்கள் பஸ்ஸின் ஜன்னல் வழியாகப் பெயர்ப் பலகையைப் பார்ப்பார்கள். அதற்குள் தடா வந்துவிடும். அவ்வளவுதான், எளாவூர் முடிந்தது.

ஆனால் ஒரு நாள் ஒதுக்கி இறங்கிப் பார்த்தால் இந்த ஊரும் இதைச் சுற்றியுள்ள இருபது, முப்பது கிலோமீட்டரும் சாதாரண இடமில்லை என்பது புரியும். ஒரு மாநில எல்லை, ஒரு தொழிற்பேட்டை, ஒரு அகதிகள் முகாம், இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி, ராக்கெட் தளம், நானூறு வருடத்து டச்சுக் கல்லறை... எல்லாம் இந்தச் சின்ன வட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. சுற்றுலாத் துறையின் வண்ணப் புத்தகங்களில் எளாவூரைத் தேடினால் கிடைக்காது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

எப்படிப் போவது?

சென்னை சென்ட்ரலுக்குப் பக்கத்தில் உள்ள மூர் மார்க்கெட் புறநகர் நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு மின்சார ரயில் அடிக்கடி உண்டு. திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று நிலையங்கள் வரிசையாக வரும். எண்ணூர், அத்திப்பட்டு வரை புகைபோக்கியும் மின்கம்பியும்தான் காட்சி. மீஞ்சூர் தாண்டினால் மெல்ல வயல் தலைகாட்டும். கவரைப்பேட்டை வரும்போது கொஞ்சம் மனசு கனக்கும். 2024 அக்டோபர் 11 இரவு மைசூரு - தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ், நின்றுகொண்டிருந்த சரக்கு ரயில் மீது மோதியது இங்கேதான்.

கும்மிடிப்பூண்டிக்கு அடுத்த நிலையம் எளாவூர். அதற்கடுத்து ஆரம்பாக்கம், பிறகு தடா. தடா வந்தால் ஆந்திரா. கும்மிடிப்பூண்டியோடு பெரும்பாலான மின்சார ரயில்கள் நின்றுவிடும். சூளூர்ப்பேட்டை வரை போகிற சில ரயில்கள்தான் எளாவூரில் நிற்கும். எனவே போகிற நேரத்தை விட்டுவிட்டாலும் திரும்புகிற ரயிலின் நேரத்தைக் கட்டாயம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ஷேர் ஆட்டோவில் கும்மிடிப்பூண்டி வரை வர வேண்டியதுதான்.

சாலை வழியாக வருபவர்களுக்குக் கவலையே இல்லை. சென்னை - கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலை ஊர் வழியாகவே போகிறது. முன்பு இதற்கு என்.எச். 5 என்று பெயர், இப்போது என்.எச். 16. பழைய ஆட்கள் பலரும் இன்னும் ஜி.என்.டி. ரோடு என்றுதான் சொல்கிறார்கள். கிராண்ட் நார்தர்ன் டிரங்க் ரோடு என்பதன் சுருக்கம் அது. பேருக்கேற்ற மாதிரி ரோடு பெரிசுதான்... ஊர்தான் சிறிசு.

கூறு கட்டி விற்கும் கடைவீதி

பெரிய மார்க்கெட், பெரிய ஜவுளிக்கடை எல்லாம் வேண்டுமென்றால் கும்மிடிப்பூண்டி பஜாருக்குத்தான் போக வேண்டும். எளாவூர் கடைவீதி சின்னது. மளிகைக்கடை, டீக்கடை, பஞ்சர் கடை, செல்போன் ரீசார்ஜ், மருந்துக்கடை, பிரியாணி கடை. காலையில் வந்தால் மீன் விற்கும் பெண்களைப் பார்க்கலாம். ஏரி மீனும் கடல் மீனும் இரண்டும் உண்டு. மடவை, கிழங்கான், இறால், நண்டு. எடைத்தட்டு எல்லோரிடமும் இருக்காது. சின்ன மீனையும் இறாலையும் சாக்கு மேல் சிறு சிறு குவியலாக வைத்திருப்பார்கள். ஒரு குவியல் ஒரு கூறு.

"இறா எப்படிக்கா?"

"கூறு நூறு ரூவா கண்ணு. ரெண்டு கூறா எடுத்துக்கோ, மேல ஒரு கை போட்டுத் தர்றேன்."

அதே அக்கா அடுத்து வந்தவரிடம் தெலுங்கில் பேரம் பேசுவார். நடுவில் பக்கத்துக் கடைக்காரரைத் திட்டும்போது தமிழ் வந்துவிடும். இந்தப் பக்கத்தில் இரண்டு மொழியும் தெரியாத வியாபாரியைக் கண்டுபிடிப்பது கஷ்டம். வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று வளர்ந்தவர்கள் நிறைய. எந்த மொழியில் யோசிப்பீர்கள் என்று கேட்டால் சிரிப்பார்கள்.

கூறு என்ற வார்த்தையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளலாம். பங்கு என்பதற்கும் அதே வார்த்தைதான். எளாவூரைச் சுற்றி எதைப் பார்த்தாலும் கடைசியில் அந்தக் கேள்விக்குத்தான் வந்து சேர வேண்டியிருக்கிறது. யாருக்கு எத்தனை கூறு?

எல்லை பிரிந்த கதை

முதல் கூறு நிலத்தில் போட்டது. 1953 அக்டோபர் 1 அன்று சென்னை மாகாணத்திலிருந்து ஆந்திரா தனி மாநிலமானது. சென்னை நகரம் யாருக்கு என்ற சண்டை அதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. ஆனால் வடக்கு எல்லையில் எந்தக் கிராமம் யாருக்கு என்ற தகராறு தீரவில்லை. ம.பொ.சிவஞானமும் மங்கலங்கிழாரும் திருத்தணிப் பக்கம் எல்லைப் போராட்டம் நடத்தியது பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. பிறகு பட்டாஸ்கர் நடுவராக இருந்து கொடுத்த பரிந்துரைப்படி 1959-ல் சட்டம் வந்தது. 1960 ஏப்ரல் 1 முதல் கிராமங்கள் கைமாறின. திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. பதிலுக்குப் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களில் சில கிராமங்கள் ஆந்திராவுக்குப் போயின.

வரைபடத்தில் கோடு போடுவது சுலபம். ஆனால் அந்தக் கோட்டின் இந்தப் பக்கம் பெண் எடுத்து அந்தப் பக்கம் பெண் கொடுத்தவர்களுக்கு அது வெறும் கோடாகவே இருந்துவிட்டது. இன்றைக்கும் தடாவில் கல்யாணம் என்றால் ஆரம்பாக்கத்திலிருந்து ஆட்டோவில் போய் வருகிறார்கள். யாரும் அதை வெளிமாநிலப் பயணம் என்று சொல்வதில்லை!

லாரிக்காரர்களுக்குத்தான் கோடு நிஜமானது. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வருவதற்கு முன்பு, மாநிலம் விட்டு மாநிலம் போகும் ஒவ்வொரு சரக்கு லாரியும் வணிகவரிச் சோதனைச் சாவடியில் நின்று காகிதம் காட்ட வேண்டும். வரிசை நீளும். டிரைவரும் கிளீனரும் சாலையோரம் ஸ்டவ் பற்றவைத்துச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு லாரிக்கு அடியிலேயே தூங்குவார்கள். லாரி நின்றால் டீக்கடைக்கு வியாபாரம், பஞ்சர் கடைக்கு வியாபாரம், சிகரெட் விற்கும் பையனுக்கும் வியாபாரம். ஜி.எஸ்.டி. வந்ததும் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. போலீஸ், போக்குவரத்துத் துறை சோதனைகள் தொடர்ந்தாலும் பழைய மாதிரி மணிக்கணக்கில் நிற்க வேண்டியதில்லை. நாட்டுக்கு நல்லதுதான். லாரி நிற்பதை நம்பிக் கடை போட்டவர்களுக்கு மட்டும் அந்தக் கூறு குறைந்தது.

இதே சாலைக்கு இன்னொரு முகமும் உண்டு. 2020 மே மாதம், ஊரடங்கு நேரத்தில், சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் வேலை பார்த்த வடமாநிலத் தொழிலாளர்கள் இந்த நெடுஞ்சாலை வழியாக வடக்கு நோக்கி நடந்தே கிளம்பினார்கள். கையில் ஒரு பை, தோளில் குழந்தை. வருடம் முழுக்கச் சரக்கு மட்டும் தங்குதடையின்றிப் போன சாலையில் மனிதர்களுக்கு இ-பாஸ் கேட்டார்கள்.

இரும்பு ஊர்

எளாவூரிலிருந்து தெற்கே பார்த்தால் கும்மிடிப்பூண்டி. மேற்கே தேர்வாய்க் கண்டிகை. வடக்கே எல்லை தாண்டினால் ஸ்ரீ சிட்டி. மூன்று பக்கமும் தொழிற்சாலைகள்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் அடையாளம் இரும்பு. பழைய இரும்பை உருக்கிக் கட்டி ஆக்குவது, அந்தக் கட்டியை மறுபடி காய்ச்சி உருட்டிக் கம்பியாக இழுப்பது... சென்னையில் கட்டடம் கட்டுகிறவர்கள் வாங்கும் கம்பியில் நிறைய இந்தப் பக்கத்திலிருந்து போவதுதான். உடைத்த கப்பல், ஓடி முடித்த லாரி, பழைய சைக்கிள் எல்லாம் காயலான் கடை வழியாக இங்கே வந்து, கம்பியாக மறுபிறவி எடுத்து யாரோ ஒருவர் வீட்டுக் கூரைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது!

தேர்வாய்க் கண்டிகையில் மிஷலின் டயர் தொழிற்சாலை இருக்கிறது. அந்தப் பகுதியில் மேய்ச்சல் காட்டை சிப்காட்டுக்கு எடுத்தபோது கிராம மக்கள் நீண்ட நாள் போராடினார்கள். அதன் அருகிலேயே கண்ணன்கோட்டை - தேர்வாய்க் கண்டிகை நீர்த்தேக்கம் 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. கொள்ளளவு 500 மில்லியன் கன அடி. சென்னையின் குடிநீருக்கான ஐந்தாவது ஏரி என்று இதைச் சொல்வார்கள். ஆக, கம்பியும் இங்கிருந்து போகிறது, தண்ணீரும் இங்கிருந்து போகிறது.

ஞாயிற்றுக்கிழமை மாலை கும்மிடிப்பூண்டி பஜாருக்குப் போனால் வேறொரு ஊர் மாதிரி இருக்கும். அன்றைக்கு வாராந்திர விடுமுறை என்பதால் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வந்து காய்கறி, கோதுமை மாவு, கடுகு எண்ணெய், செல்போன் கவர் வாங்குவார்கள். கடைப் பையன்கள் "கித்னா பையா?" என்று கேட்கப் பழகிவிட்டார்கள். ஒரு அறையில் ஆறேழு பேர் தங்கி, உலைக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்து, ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்கள் இவர்கள். உள்ளூர்ப் பையன்களோ ஒப்பந்த வேலைக்குப் போக மனமில்லாமல் சென்னைக்கு ரயில் ஏறுகிறார்கள். வேலை இங்கே இருக்கிறது, ஆள் அங்கிருந்து வருகிறது, உள்ளூர் ஆள் வேறெங்கோ போகிறார்... இதைப் புரிந்துகொள்ள அந்த ஏழு மணி ரயிலில் ஒரு தடவை ஏறினால் போதும்.

நகர முடியாதவர்கள்

எல்லோரும் கடந்து போகிற இந்தப் பகுதியில் கடந்து போக முடியாமல் தங்கிவிட்டவர்களும் உண்டு. கும்மிடிப்பூண்டியில் உள்ள இலங்கைத் தமிழர் முகாம் தமிழ்நாட்டின் பெரிய முகாம்களில் ஒன்று. 1990-ல் போர் மறுபடி மூண்டபோது படகேறி வந்தவர்கள் மண்டபம் வழியாகப் பல ஊர்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். அப்படி இங்கே வந்தவர்களுக்குத் தாற்காலிகமாகத் தந்த சின்னஞ்சிறு அறைகள்தான் பிறகு நிரந்தரமாயின. 2021-ல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. பெயர் மாறியது நல்ல விஷயம். குடியுரிமைக் கேள்வி அப்படியே இருக்கிறது.

முகாம் ஆண்களில் நிறையப் பேர் பெயிண்டிங் வேலைக்குப் போகிறார்கள். சென்னையின் அடுக்குமாடிகளில் கயிற்றில் தொங்கி வண்ணம் அடிப்பவர்களில் இவர்களும் இருப்பார்கள். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகளும் அரசு வேலை என்று வரும்போது நின்றுவிட வேண்டியிருக்கிறது. சரக்கு லாரி எல்லையைத் தாண்ட ஜி.எஸ்.டி. வழி செய்தது. முப்பத்தைந்து வருடமாக ஒரே இடத்தில் இருப்பவர்கள் ஒரு கோட்டைத் தாண்ட இன்னும் வழி பிறக்கவில்லை.

முகாம் சுற்றிப் பார்க்கிற இடமில்லை, அனுமதியில்லாமல் உள்ளே போகவும் கூடாது. ஆனால் இந்தப் பகுதியைப் பற்றி எழுதிவிட்டு இவர்களை விட்டுவிட்டால் அந்தக் கட்டுரை பாதிதான்.

ஏரிக்கரையில்

எளாவூரிலிருந்து கிழக்கே சுண்ணாம்புக்குளம் பக்கம் போனால் காற்று மாறும். இரும்பு வாசனை போய் உப்பு வாசனை வரும். வேலிகாத்தான் முள்ளும் சேறும் தாண்டினால் பழவேற்காடு ஏரி.

ஏரி என்று சொல்கிறோமே தவிர, இது கடலும் ஆறும் கலந்து கிடக்கும் காயல். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவில் பெரிய உவர்நீர் ஏரி இதுதான். வடக்கு தெற்காக சுமார் 60 கிலோமீட்டர் நீளம். ஆழமோ பல இடங்களில் இடுப்பளவுக்கு மேல் இருக்காது. இங்கேயும் கூறு உண்டு. ஏரியில் பெரும்பகுதி ஆந்திராவில், சுமார் ஆறில் ஒரு பங்குதான் தமிழ்நாட்டில். தண்ணீரில் கோடு தெரியாது, மீனுக்கும் தெரியாது. ஆகவே இரு மாநில மீனவர்களுக்கும் இடையே வலை அறுப்பு, படகு பிடிப்பு என்று அவ்வப்போது சண்டை வருவதும் பேச்சுவார்த்தை நடப்பதும் பல வருடக் கதை.

அக்டோபருக்கு மேல் மார்ச் வரை வந்தால் பூநாரைகளைப் பார்க்கலாம். தூரத்தில் வெள்ளைக் கோடு மாதிரி தெரியும். ஒன்றாக எழும்பும்போதுதான் இறக்கையின் சிவப்பு தெரியும். கூழைக்கடா, உள்ளான், நாரை வகைகளும் ஏராளம். அந்தப் பக்கம் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு. 1971-ல் முதல் சிறு ராக்கெட் அங்கிருந்து கிளம்பியது. 2023 ஜூலை 14-ல் சந்திரயான் 3 கிளம்பியதும் அங்கிருந்துதான். ராக்கெட் போவதைப் பார்க்கச் சென்னையிலிருந்து கார் கட்டிக்கொண்டு பழவேற்காட்டுக்கு வருகிறவர்கள் உண்டு. அதே நாளில் பழவேற்காட்டு மீனவர்களுக்குக் கடலுக்குப் போகத் தடை. ஊர் கைதட்டும் நாள் அவர்களுக்குக் கூலியில்லாத நாள்.

இந்த ஏரியில் வெளியாட்களுக்கு அதிகம் தெரியாத ஒரு அதிசயம் இருக்கிறது. அதற்குப் பெயர் பாடு. முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இடங்களில்தான் இறால் அதிகம் கிடைக்கும். எல்லோரும் அங்கேயே வலை கட்டினால் அடிதடிதான் மிஞ்சும். எனவே எந்தக் குப்பம், எந்தத் தலைக்கட்டு, எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்து சுழற்சி முறையில் மாற்றிக்கொள்கிறார்கள். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளைக்குச் சுமாரான இடம். அரசாங்கம் எழுதிய சட்டம் கிடையாது. ஊர்ப் பஞ்சாயத்து வைத்த ஒழுங்கு. பல தலைமுறையாக இது நடக்கிறது. பொதுச்சொத்தை எப்படிப் பங்கிடுவது என்று படிக்கும் வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்களே இங்கே வந்து பாடு முறையைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள்.

பாடு முறையை அப்படியே புகழ்ந்துவிட்டுப் போகவும் முடியாது. பாட்டில் பெயர் இருப்பவர்களுக்குத்தான் குலுக்கல். பெயர் இல்லாத இருளர் போன்றவர்களுக்கு நல்ல இடம் கிடையாது. இருளர் ஆண்களும் பெண்களும் தண்ணீரில் மணிக்கணக்கில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள். இரண்டு கையும் சேற்றுக்குள் இருப்பதால் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். கடைவீதியில் நூறு ரூபாய்க்கு வாங்கிய கூறில் இப்படிப் பிடித்த இறாலும் இருக்கலாம்.

இப்போது எல்லோருக்கும் பொதுவான ஒரு பயம் வந்திருக்கிறது. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மணலால் அடைபடுகிறது. கடல் தண்ணீர் உள்ளே வந்து போனால்தான் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் உள்ளே வரும். அடைபட்டால் கோடையில் தண்ணீர் வற்றும், உப்பு ஏறும், படகு வெளியே போக வழியிருக்காது. அலையோடு மணல் நகர்வது இயற்கைதான். ஆனால் தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் வந்த பிறகு மணல் ஓட்டமே மாறிவிட்டது என்கிறார்கள் மீனவர்கள். காட்டுப்பள்ளி துறைமுகத்தை விரிவாக்கும் திட்டத்துக்கு இந்தக் கரையோரக் கிராமங்கள் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்ததும் இந்தப் பயத்தில்தான். ஏரியே வற்றிவிட்டால் பாட்டில் பெயர் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

பழவேற்காட்டுத் துணி போன தூரம்

மதியத்துக்கு மேல் நேரமிருந்தால் ரயிலில் பொன்னேரி வந்து, அங்கிருந்து பஸ்ஸில் பழவேற்காட்டுக்குப் போகலாம். சுமார் 20 கிலோமீட்டர். விஜயநகரக் காலத்திலேயே பெரிய துறைமுகம் இது. போர்த்துக்கீசியர் வந்தார்கள், பிறகு டச்சுக்காரர்கள். 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடம் இதுதான். கோட்டை இருந்த இடத்தில் இன்று மேடும் புதரும்தான். டச்சுக் கல்லறை மட்டும் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் நன்றாக இருக்கிறது. வாசலில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் பார்க்கிறவர்களைத் திடுக்கிட வைக்கும்.

டச்சுக்காரர்கள் இங்கிருந்து கொண்டுபோனதில் முக்கியமானது துணி. கட்டம் போட்ட பருத்தித் துணி. அதை இந்தோனேசியத் தீவுகளில் கொடுத்து மிளகும் கிராம்பும் வாங்கினார்கள். மலேசியாவில் இன்றும் கட்டம் போட்ட கைலிக்கு 'பெலேகாட்' என்று பெயர். ஆங்கிலேயர்கள் புலிக்காட் என்று எழுதிய அதே பெயர்தான்! துணியோடு மனிதர்களையும் கொண்டுபோனார்கள். 17-ஆம் நூற்றாண்டில் பஞ்சத்தில் தங்களையே விற்றுக்கொண்டவர்களும் பிடிபட்டவர்களுமாக ஆயிரக்கணக்கான பேர் இந்தக் கரையிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள்.

அந்தக் கட்டம் போட்ட துணி கிழக்கே மட்டும் போகவில்லை. ஐரோப்பிய வியாபாரிகள் கைமாறி மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் அங்கிருந்து கரீபியன் தீவுகளுக்கும் போனது. செயின்ட் லூசியா, டொமினிக்கா, மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளின் சந்தைகளில் காய்கறி விற்கும் பெண்கள் அதைத் தலையில் கட்டினார்கள். இன்று அந்தத் தீவுகளின் பாரம்பரிய உடையே அந்தத் துணிதான். பெயர் 'மெட்ராஸ்'. பிறகு 1853-ல் மார்ட்டினிக்குக்கும் 1854-ல் குவாதலூப்புக்கும் பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர்களே கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போனார்கள். துணி முதலில் போனது, மனிதர்கள் பின்னால் போனார்கள். ஏதோ ஒரு கரீபியன் சந்தையில் கட்டம் போட்ட தலைத்துணியோடு கூறு கட்டி மீன் விற்கும் பெண்ணுக்கு எளாவூர் என்ற பெயரே தெரிந்திருக்காது. எளாவூர் அக்காவுக்கும் அந்தத் தீவைத் தெரியாது. இரண்டு பேரும் பிழைப்பது ஒரே மாதிரிதான்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

நவம்பர், டிசம்பரில் மழையையும் புயல் எச்சரிக்கையையும் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். ஜனவரி, பிப்ரவரி நல்ல மாதங்கள். தொப்பி, தண்ணீர் பாட்டில் அவசியம், ஏரிக்கரையில் நிழலே கிடையாது. பழவேற்காட்டில் படகு சவாரி செய்து உயிரிழந்தவர்கள் உண்டு. 2011 டிசம்பர் 25 அன்று ஒரே படகில் போன 22 பேர் இறந்தார்கள். யாராவது கூப்பிட்டாலும் அனுமதியில்லாத படகில் ஏறக்கூடாது. பூநாரையைப் படம் எடுக்கிறேன் என்று சேற்றில் இறங்கி விரட்டக்கூடாது. மீன் வாங்கினால் ரொம்பப் பேரம் பேசாமல் இருப்பது நல்லது.

இந்த வட்டாரத்திலிருந்து சென்னை எடுத்துக்கொள்வது கொஞ்சநஞ்சமில்லை. வீட்டுக்குக் கம்பி, குழாய்க்குத் தண்ணீர், சுவருக்கு வண்ணம் அடிக்க ஆள், தட்டுக்கு இறால். டச்சுக்காரர்கள் காலத்திலிருந்து கணக்கு இப்படித்தான் இருக்கிறது. வந்தவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். திருப்பித் தந்தது சாலையும் புகையும்தான் என்று ஊரில் வயதானவர்கள் சொன்னால் அதை மறுக்கக் கஷ்டம். ஆனால் இருக்கிற கொஞ்சத்தைச் சண்டையில்லாமல் குலுக்கல் போட்டுப் பிரித்துக்கொள்ளக் கற்றவர்களும் இந்த ஏரிக்கரையில்தான் இருக்கிறார்கள். அந்தக் குலுக்கலில் விடுபட்டவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், முகத்துவாரமும் திறந்திருக்க வேண்டும். இரண்டும் நடந்தால் எளாவூர் கடைவீதியில் காலை மீன் வியாபாரம் இன்னும் பல வருடம் நடக்கும்.

அடுத்த தடவை நெல்லூருக்கோ திருப்பதிக்கோ இந்த வழியாகப் போகிறவர்கள் செக்போஸ்ட்டைத் தாண்டும் அவசரத்தில் இல்லாமல் அரை மணி நேரம் எளாவூரில் இறங்கலாம். டீ நன்றாகவே இருக்கும்.